தண்ணீர் வராத விசில்

ஓடுகிறோம்.

விசில் நிற்கவில்லை. நீள விசில். இழுத்து இழுத்து, மூச்சு விடாமல் ஊதுகிற விசில். எங்கள் அருவியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே காட்டில் தண்ணீர் திரண்டுவிட்டது. பாறையைப் புரட்டிக்கொண்டு, மரத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. கையில் இருப்பதைப் போடு. படியேறு.

"வெளிய வா! வெளிய வா! தண்ணி கூடுது!"

வெள்ளிக்கிழமை. ஆனி மாதக் கடைசி. காலை பத்து இருபது. கடையில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். எதற்கும் மணி பார்த்து வைப்பது என் பழக்கம். பின்னால் யாராவது கேட்பார்கள் என்று ஒரு பயம். கேட்டார்கள்.

எந்த அருவி என்று எழுத மாட்டேன். குற்றாலத்தில் அருவிக்குக் குறைவில்லை. பெயரைப் போட்டால் எந்த ஏட்டு, எந்த அதிகாரி என்று ஆள் தெரிந்துவிடும். அப்புறம் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தட்டாமலும் இருக்கலாம். தட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் செல்லத்தாய். கடையத்துக்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சாரல் சீசனில் அருவிக்குக் கீழே, பாறை மேட்டில் தார்ப்பாய் கட்டிக் கடை போடுவேன். குளிக்க வருகிறவர்களின் பை, செருப்பு, செல்போனைப் பார்த்துக்கொள்ளும் கடை. எண்ணெய்ப் பாக்கெட், சீயக்காய், சோப்பும் வைத்திருப்பேன். பக்கத்துக் கடை மைமூன். தென்காசிக்காரி. துண்டு வாடகைக்குக் கொடுப்பாள். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில், தம்மாமில் டிரைவர். என் தம்பி இசக்கிமுத்து அருவிப் பாறையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன்.

எங்கள் மூன்று பேர் உயிரும் அந்த விசிலில்தான் இருந்தது. ஊதுகிறவர் ஏட்டு அண்ணாச்சி. ராயகிரிப் பக்கத்து ஆள். பதினோரு சீசனாக அவர்தான். குட்டையாக ஊதினால் எவனோ பாறை மேல் ஏறுகிறான் என்று அர்த்தம். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டோம். நீளமாக ஊதினால் அந்த விசில் முடிவதற்குள் படியில் இருப்போம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கினால் கை தானாகப் போகுமே, அந்த மாதிரி கால் தானாகப் போகும்.

அன்றும் போனது.

ஆறாவது படியில் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. மைமூன் இதற்காகவே என்னைக் கேலி செய்வாள். "ஏட்டி செல்லம், நீ உன் நெழலப் பாத்தாக்கூட பேரு விலாசம் கேப்பட்டி" என்பாள்.

தண்ணீர் வெள்ளையாக இருந்தது.

அதுதான் முதல் சந்தேகம். காட்டாறு வந்தால் நிறம் மாறும். செம்மண் கலங்கும். முதலில் இலை விழும், சுள்ளி விழும். சத்தம் தடிக்கும். ஒன்றும் இல்லை. பால் மாதிரி விழுகிறது.

அடுத்த சந்தேகம். நாங்கள் எல்லாரும் மேலே ஓடுகிறோம். துண்டு கட்டிய மூன்று பேர் கீழே ஓடுகிறார்கள். தண்ணீர் வருகிறது என்றால் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறவன் யார்?

இசக்கி கடைசியில் வருகிறான். அவனிடம் எண்ணெய் தேய்க்கப் படுத்திருந்த பெரியவரை எழுப்பி, முன்னால் தள்ளிவிட்டு வருகிறான். "அண்ணாச்சி, பாத்து! கம்பியப் பிடிச்சு ஏறுங்க!" அது அவன் குரல். அது காதில் இருக்கிறது.

அந்த மூன்று பேரில் ஒருவன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வழுக்கியது. இன்னொருவன் தோளைப் பிடித்தான். வழுக்கியது. காலையிலிருந்து மூன்று பேருக்குத் தேய்த்திருக்கிறான். முழங்கை வரை நல்லெண்ணெய். நெஞ்செல்லாம் எண்ணெய். அந்த உடம்பை யார் பிடித்தாலும் வழுக்கும். பெற்ற தாய் பிடித்தாலும் வழுக்கும்.

"ஓடப் பாக்கான்லே! விடாத!"

பாலத்துக்கு அடியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். சின்ன வயது அதிகாரி. கையில் லத்தி. முதுகில் ஒன்று. மறுபடியும் முதுகில் ஒன்று. மூன்றாவது அடிக்கு இசக்கி வலது கையைத் தூக்கித் தடுத்தான்.

அந்தச் சத்தத்தை எழுத வேண்டும். அருவிச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது. ஒரு தடவைதான்.

"சார், சார், என்ன ஏதுன்னு சொல்லிட்டு அடிங்க சார்!" என்று இசக்கி கத்தினான்.

சொல்லவில்லை. தரையில் அமுக்கினார்கள். விசில் நின்றது. தண்ணீர் வரவில்லை. படியில் நின்ற கூட்டத்தில் ஒரு ஆள், வெளியூர்க்காரர், "சினிமா எடுக்காங்களோ?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. துண்டு கட்டிய மூன்று பேரும் போலீஸ். எண்ணெய் பூசின ஆளைக் கூட்டத்துக்குள் பிடிக்க முடியாது. கூட்டத்தைக் கலைத்தால் பிடிக்கலாம். கூட்டத்தைக் கலைக்க ஒரு விசில் போதும்.

அவன் அவர்களைப் பார்த்து ஓடவில்லை. விசிலைக் கேட்டு ஓடினான். நாங்கள் அத்தனை பேரும் ஓடினோம். ஓடியது குற்றம் என்றால் எல்லாரையும் அடித்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து. சட்டை ஒன்று எடுத்துப் போயிருந்தேன். துண்டோடு கொண்டுபோய்விட்டார்களே என்று. உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். யாரோ ஒரு குடும்பம் வந்து புகார் கொடுத்ததாம். அம்மா கழுத்துச் செயினைக் காணோமாம். ஊதாத் துண்டு கட்டியவன் பக்கத்தில் நின்றானாம். எண்ணெய் தேய்க்கிற எல்லாரும் ஊதாத் துண்டுதான் கட்டுவார்கள். அது அவர்கள் யூனிபாரம் மாதிரி. காக்கி மாதிரி.

மாலை ஐந்து மணிக்கு ஒரு போன் வந்தது. செயின் கிடைத்துவிட்டது. லாட்ஜ் ரூமில், சோப்பு டப்பாவுக்குள். குளிக்கப் போகிறோமே என்று அந்த அம்மாளே கழற்றி வைத்திருக்கிறாள். போனிலேயே சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

இசக்கி பெஞ்சில் இருந்தான். அதே துண்டு. எண்ணெயும் மண்ணும் காய்ந்து மேலெல்லாம் தோல் மாதிரி. வலது கை மடியில் கிடந்தது. வீங்கிப்போய், வேறு யாருடைய கையையோ எடுத்து மடியில் வைத்த மாதிரி. சட்டையைப் போட்டுவிடப் பார்த்தேன். கை நுழையவில்லை. தோளில் போர்த்திவிட்டேன்.

"தண்ணி வேணுமாலே?" என்று கேட்டேன்.

"வெள்ளம் வந்துச்சாக்கா?" என்று கேட்டான். அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. விசிலை அவன் சந்தேகப்படவே இல்லை.

ஏட்டு அண்ணாச்சி மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். அழகான கையெழுத்து. சின்ன அதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். "கேஸ் ஒண்ணும் இல்லம்மா. இதுல ஒப்பம் போட்டுட்டு தம்பியக் கூட்டிட்டுப் போ."

எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாசித்தேன். 'வெள்ள எச்சரிக்கை விசில் கேட்டுக் கூட்டத்தோடு ஓடும்போது பாறையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் அடிபட்டது. எனக்கு யார் மீதும் புகார் இல்லை.'

"அண்ணாச்சி, நீங்கதான ஊதுனிய? தண்ணி வந்துச்சா?"

அவர் நிமிரவில்லை. "எழுதியிருக்கத வாசிச்சியா தாயி?"

"வாசிச்சேன்."

"அப்பம் போடு. ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது."

இசக்கி ஒன்பதாவது வரை படித்தவன். சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போடுவான். அந்தத் தாளில் இருப்பது இடது பெருவிரல் ரேகை. யாராவது என்றைக்காவது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் இதை யோசிக்க வேண்டும். வழுக்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், கை ஒடிந்த நிலையில் ஏழு மணி நேரம் வைத்திருந்து, எதற்காக ரேகை எடுத்தீர்கள்?

கீழே சாட்சி என்று ஒரு கோடு. அதில் நான் போட்டேன். தம்பி வெளியே வர வேண்டும். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒரு கையெழுத்து பொய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து அவரை அண்ணாச்சி என்று கூப்பிட வாய் வரவில்லை. சார் என்றேன். அவரும் கவனித்தார். 

தென்காசி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பு. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிவிடும், விரல் மடங்குவதைப் பார்க்கலாம் என்றார்கள். இசக்கிக்குப் பெருவிரல்தான் தொழில். முதுகில் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்துவிட்டான் என்றால் படுத்திருப்பவர் தூங்கிவிடுவார்.

கடைக்குத் திரும்பினேன். அந்த வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் என் தார்ப்பாய் கிழிந்திருந்தது. இரண்டு பை காணாமல் போயிருந்தது. மைமூனின் துண்டு மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. கடைக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. குட்டை விசில் அடித்தால்கூட, "இன்னைக்கு யாருக்குலே கை?" என்று டீக்கடையில் கேட்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதை மறைக்கக் கூடாது. "விசிலப் பாக்காதிய. தண்ணியப் பாருங்க. கலங்குனா ஓடுங்க. எல விழுந்தா ஓடுங்க. வெள்ளையா இருந்தா எவனையோ பிடிக்கான்னு அர்த்தம்." எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். மைமூனும் கேட்டாள். "ஒனக்கு இந்தப் புத்தி எங்கனருந்துட்டி வருது?" என்றாள். பெருமையாக இருந்தது.

நடுவில் ஒருநாள் ஏட்டு நீளமாக ஊதினார். நிறம் பார்த்து, மெதுவாகத்தான் எழுந்தோம். தண்ணீர் முழங்காலளவு கூடி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கழிந்து இருபத்துமூன்றாம் நாள். ஞாயிறு. ஆடி பிறந்துவிட்டது. மதியம் இரண்டு நாற்பது.

வெயில் அடிக்கிறது. மலையில் மட்டும் கறுப்பு. அருவி பாலாகக் கொட்டுகிறது. இசக்கி கட்டுப் போட்ட கையோடு என் கடையில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் தனியாக இருந்தால் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று நான்தான் கூட்டி வந்தேன். மைமூன் தண்ணீருக்குப் பக்கத்தில் கம்பியில் துண்டு காயப்போடுகிறாள்.

விசில். நீள விசில்.

வெளியூர்க்காரர்கள் ஓடினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஈரத் துணியோடு, செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களுக்கு எங்கள் வெள்ளிக்கிழமை தெரியாது. கடைக்காரர்கள் எழுந்து நின்றோம். நின்று தண்ணீரைப் பார்த்தோம்.

"ஏட்டி செல்லம், போவமா?" மைமூன் அங்கிருந்து கத்துகிறாள்.

பார்த்தேன். இலை இல்லை. சுள்ளி இல்லை.

"வெள்ளையாத்தான் இருக்கு! துண்ட எடுத்துக்கிட்டே வா!"

நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அது.

ஏட்டு ஓடி வருகிறார். தொப்பி இல்லை. ஊதுகிறார், விசிலை எடுத்துவிட்டுக் கத்துகிறார், மறுபடியும் ஊதுகிறார். "ஏ தாயி! நெசம்! இது நெசம்! மேலருந்து போன் வந்துட்டு! ஏறுங்க!" அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். மூன்று பேரும் நேராக என் கடையைப் பார்த்து வருகிறார்கள்.

என் கடையில் இசக்கி இருக்கிறான்.

மறுபடியும் அவனுக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. அவனைக் கழுத்தோடு அமுக்கி, பைகளுக்குப் பின்னால் கிடத்தினேன். "படுலே. பேசாத. எந்திக்காத." தார்ப்பாயை இழுத்து மூடினேன். மேலே உட்கார்ந்துகொண்டேன்.

"ஒன் தம்பியப் பிடிக்க வரல! ஏ செல்லத்தாயி, ஒன் காலப் பிடிக்கேன், ஏறு!"

அன்றைக்கும் நிஜம் மாதிரித்தான் ஊதினார். நான் அசையவில்லை.

அடித்தார். கெண்டைக்காலில். லத்தியால். வலித்த வலியில் எழுந்துவிட்டேன். தார்ப்பாயை உருவினார். இசக்கியை இடது கையைப் பிடித்துத் தூக்கினார். என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். படியில் மறுபடியும் ஒரு அடி. ஏறினேன். நடுப்படியில்தான் சத்தம் மாறியது. லாரியில் கல் கொட்டுகிற சத்தம், நிற்காமல். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பு.

மைமூன் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு கையும் நிறையத் துண்டு. நான் எடுத்துக்கொண்டு வரச் சொன்ன துண்டு. எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. நான் நிற்கிற வரைக்கும் ஓட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வாய் ஏதோ சொன்னது. கேட்கவில்லை.

மணி இரண்டு நாற்பத்துநான்கு. விசில் அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன்; தண்ணீர் வந்தபோது பார்க்கவில்லை, அதுவும் தண்ணீரோடு போய்விட்டது. மேலே டீக்கடைக்காரர் செல்போனில் எடுத்த படத்தில் நேரம் இருக்கிறது. விசிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு நிமிடம். படியேற ஒரு நிமிடம் போதும். நிறம் மாறிய பிறகு ஓடியிருந்தால் யாரும் தப்பியிருக்க முடியாது. விசில் அதற்காகத்தான். தண்ணீர் சொல்வதற்கு முன்னால் சொல்வதற்காக. பதினோரு சீசன் அந்த விசிலுக்கு ஓடியவள் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சிற்றாற்றில், தடுப்பணைக்கு மேலே மைமூன் கிடைத்தாள். தம்மாமிலிருந்து அவள் வீட்டுக்காரர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. என்னிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "விசில் அடிக்கலியா?"

விசாரிக்க வந்த பெரிய அதிகாரியும் அதையேதான் கேட்டார். அடித்தார்கள் என்றேன். அப்புறம் ஏன் ஏறவில்லை என்றார். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். பத்து இருபது, மூன்று பேர், மூன்று அடி, எல்லாம் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டினார். ஒரு தாளை எடுத்தார். எனக்குத் தெரிந்த தாள்.

"அன்னைக்கும் வெள்ள விசில்னுதானம்மா நீயே சாட்சி ஒப்பம் போட்டிருக்க?"

 அது என் கையெழுத்துதான்.

ஏட்டு இன்னும் அதே அருவியில்தான் நிற்கிறார். என்னைக் காப்பாற்றியதாக ஊரெல்லாம் சொல்கிறது. காப்பாற்றினார். தாளை எழுதியதும் அவர்தான். மறுபடியும் போட்ட என் கடைக்கு ஒருநாள் வந்து எண்ணெய்ப் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊதச் சொன்னாங்க தாயி. நான் மேல உள்ள ஆளில்ல." பதினோரு சீசனில் ஒருநாள் மட்டும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என்ன நோக்கத்தில் வந்து சொல்கிறார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இருக்கிறது. அதற்கு நன்றி சொல்வதா, வேறு ஏதாவது செய்வதா, தெரியவில்லை.

போனதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தாளில் இருப்பதுதான் நிற்கும்.

இசக்கியின் முன்கையில் இரண்டு எலும்பு. கூடிவிட்டது. பெருவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. ஊதாத் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். இப்போது அவனும் பைதான் பார்க்கிறான்.

எங்கள் கடை இரண்டு. துண்டு, பை, கடிகாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இழுபட்டுப் பாலத்தில் பிடித்துத் தூக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் கடைக்காரர்கள். இரண்டு பேரும் நான் சொன்னதைக் கேட்டவர்கள்.

மைமூன். நாற்பத்தொரு வயது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தச் சீசனில் நீள விசில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் உடனே ஏறினேன். ஏறிக்கொண்டே எண்ணினேன். முன்னெல்லாம் விசிலுக்கும் முதல் ஆள் எழுந்திருப்பதற்கும் நடுவில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. இப்போது ஒவ்வொரு கடைக்காரரும் முதலில் ஏட்டின் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு தண்ணீரைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகுதான் எழுந்திருக்கிறார்கள்.

அதற்குள் நாலு வரை எண்ணிவிடுகிறேன்.